பன்னிரண்டு மணி டாக்சி

ஜூன் 10, திங்கள்

அத்தைக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. அதை முதலில் எழுதிவிடுகிறேன். மீதியெல்லாம் வயிற்றெரிச்சல்.

ஒன்பதரைக்கு ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டும். என் வீட்டுக்காரர் பொன்ராஜ் பைக்கில் முன்னாலேயே போய் வரிசையில் உட்கார்ந்துவிட்டார். நான் எட்டுக்கே தயார். அவருடைய அம்மா மட்டும் கிளம்பவில்லை. சின்னமனூரிலிருந்து கோயம்புத்தூருக்கு வந்து இரண்டே நாள். அதற்குள் இந்த வீட்டில் தொலைப்பதற்கு அத்தைக்கு இத்தனை சாமான் எங்கிருந்து சேர்ந்ததோ. சீப்பைக் காணோம். மஞ்சள் பையைக் காணோம். எல்லாம் கிடைத்த பிறகு, கேஸை மூடினோமா என்று பார்க்கப் போய், அங்கேயே நின்று ஒரு டம்ளர் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாகக் குடித்தார். செருப்பில் கால் நுழையும்போது மணி ஒன்பது. என் கல்யாணத்துக்கே ஒரு மணி நேரம் தாமதமாக வந்தவர், ஆபரேஷனுக்கு மட்டும் நேரத்தோடு கிளம்பிவிடுவாரா?

சரி, டாக்சி. செம்பருத்தி கால் டாக்சியின் ஆப், சர்வர் எல்லாமே எங்கள் ஆபீஸ் செய்தது. பெருமையோடு திறந்து அழுத்தினேன். "உங்கள் வாகனம் தேடப்படுகிறது" என்று ஒரு வட்டம் சுற்றியது. சுற்றியது, சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது. கடைசியில் தெருமுனைக்கு ஓடி ஆட்டோ பிடித்தேன். ஆட்டோவில் அத்தை, "நீ செஞ்ச டாக்சியாத்தா அது?" என்று கேட்டார். குத்திக் காட்டவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். குத்தியிருந்தால் திருப்பி நாலு வார்த்தை சொல்லியிருப்பேன்.

ஜூன் 11, செவ்வாய்

காலையில் கூட்டம். கூட்டம் என்றால் நாங்கள் மூன்று பேர்: முதலாளி சென்னியப்பன் சார், நான், சந்தியாகு. செம்பருத்திக்காரர்கள் சாரை வாங்கு வாங்கென்று வாங்கியிருக்கிறார்கள். தினமும் ஏதோ ஒரு நேரத்தில் ஏழெட்டு நிமிடம் எல்லாமே நின்றுவிடுகிறது. பிறகு தானாகச் சரியாகிவிடுகிறது. வருகிற இருபத்தொன்றாம் தேதி, வெள்ளிக்கிழமை, பெரிய முகூர்த்தம். ஊரில் ஒரு மண்டபம் காலியில்லை. அன்றைக்கும் நின்றால் வேறு கம்பெனிக்குப் போய்விடுவோம் என்று சொல்லிவிட்டார்களாம்.

சார் புரொஃபைலர் அறிக்கையை மேசையில் போட்டார். ஓடுகிற புரோகிராமில் எந்தப் பகுதி எவ்வளவு நேரத்தைத் தின்கிறது என்று அளக்கிற கருவி அது. முக்கால்வாசியைத் தின்பது, கூப்பிட்டவருக்குப் பக்கத்தில் எந்தக் கார் இருக்கிறது என்று தேடுகிற பகுதி. எழுதியது சந்தியாகு.

"கருவியே சொல்லுதுங். இதுக்கு மேல என்னத்தப் பாக்கறது? தம்பி வேற பக்கம் பாத்துக்கட்டும்" என்றார் சார், அவனை எதிரில் வைத்துக்கொண்டே.

சந்தியாகு தூத்துக்குடிக்காரன். சென்னையில் வேலை பார்த்த கம்பெனி இழுத்து மூடி, எட்டு மாதம் வீட்டில் உட்கார்ந்துவிட்டு இங்கே வந்தவன். வாய் ஓயாதவன், என்னை அக்கா அக்கா என்று உயிரை எடுப்பவன். இன்று குனிந்து பேனா மூடியைக் கடித்துக்கொண்டிருந்தான். எனக்குத் தாங்கவில்லை. சரியாக அளக்காமல் ஆளை வேலையை விட்டு எடுப்பது என்ன நியாயம் என்று சத்தம் போட்டேன். அறிக்கையில் இருப்பது நாள் முழுக்க உள்ள கணக்கு. நிற்கிற அந்த ஏழு நிமிடத்தில் என்ன நடக்கிறது என்று யாராவது பார்த்தோமா என்றேன். சார் வெள்ளிக்கிழமை முகூர்த்தம் வரைக்கும் டைம் கொடுத்தார். அதற்குள் கண்டுபிடித்துச் சரிசெய்யாவிட்டால் சந்தியாகு வீட்டுக்கு. டைம் வாங்கிய பிறகுதான் எனக்குப் பயம் வந்தது.

இன்று நின்றது மாலை நாலரைக்கு.

ஜூன் 12, புதன்

மத்தியானம் ஒன்றரைக்கு நின்றது. அத்தைக்கு நாலு வேளையும் சொட்டு மருந்து போட்டாயிற்று. இவர் (பொன்ராஜ்தான்) காலையில் போனைத் தூக்கிக்கொண்டு பாத்ரூமுக்குள் போனவர், அரை மணி நேரம் வெளியே வரவில்லை. உள்ளே பேச்சுச் சத்தம். ஒரே பாத்ரூம் உள்ள வீட்டில் எனக்கென்று இப்படி ஒரு மனுஷர்.

ஜூன் 13, வியாழன்

மூன்று மணிக்கு நின்றது. நான் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தபோது நிற்கவில்லை. டீ குடிக்க எழுந்தபோது நின்றது. வேண்டுமென்றே செய்கிறதோ என்று தோன்றுகிற அளவுக்கு வந்துவிட்டேன்.

சொட்டு மருந்து போடும்போது அத்தை என் வேலையைப் பற்றிக் கேட்டார். பந்தியில் ஒரே நேரத்தில் நூறு பேர் பரிமாறுகிற மாதிரி, சர்வருக்குள் நூறு கை ஒரே நேரத்தில் வேலை செய்யும், அதை நாங்கள் த்ரெட் என்போம், ஒரு ஆள் டாக்சி கேட்டால் ஒரு கை போய்க் கவனிக்கும் என்று சொன்னேன். நூறு கை இருந்தும் ஏன் நிற்கிறது என்றார். அது தெரிந்தால் நான் ஏன் இப்படி இருக்கிறேன் என்று எரிந்து விழுந்தேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. மருந்து வழிந்த கன்னத்தைத் துடைத்துக்கொண்டு, ராத்திரிக்குக் கத்தரிக்காய் வதக்கட்டுமா என்று கேட்டார்.

அடுப்பில் எரிகிற தீயைப் பார்க்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டே வதக்குகிறார். சொன்னால் கேட்டால்தானே.

ஜூன் 14, வெள்ளி

இன்று நான் செய்த காரியத்தை எழுதக் கை கூசுகிறது.

எப்போது நிற்கும் என்று தெரியாததால் நாள் முழுக்க அளந்துவிடுவது என்று முடிவு செய்தேன். ஒவ்வொரு த்ரெட்டும் எங்கே போகிறது, எங்கே வருகிறது, எல்லாவற்றையும் நேரத்தோடு பதிவுசெய்யச் சொல்லிவிட்டேன். காலை ஒன்பதுக்கு ஆரம்பித்தது. பத்துக்கு, வேலையை விடப் பதிவு அதிகமாகிவிட்டது. பரிமாறுகிறவன் ஒவ்வொரு கரண்டிக்கும் நின்று கையெழுத்துப் போட்டால் பந்தி என்ன ஆகும்? பதினொன்றுக்கு ஊர் முழுக்க டாக்சி நின்றுவிட்டது. பன்னிரண்டுக்கு வழக்கமான அடைப்பும் சேர்ந்துகொண்டது. அதற்குள் நான் எல்லாவற்றையும் அணைத்திருந்தேன். அடைப்பைத் தேடப் போனவளே அடைத்துவிட்டேன்.

சார் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. இனிமேல் ஓடுகிற சர்வரில் ஒரு நாளைக்குப் பத்து நிமிஷத்துக்கு மேல் அளக்கக் கூடாது என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார்.

சந்தியாகு தன் தேடும் பகுதியை மூன்று நாள் உட்கார்ந்து பாதி நேரத்தில் முடிகிற மாதிரி திருத்திவிட்டான். அழகான வேலை. ஆனால் அதனால் அடைப்பில் ஒரு நிமிடம்கூடக் குறையவில்லை. "அக்கா, நான் தூத்துக்குடில மீன் விக்கப் போனா எடை சரியா போடுவேம்லா, கவலப்படாதீங்க" என்றான். சிரித்துத் தொலைக்க வேண்டியிருந்தது.

ஜூன் 15, சனி

பத்து மணிக்குக் கண் டாக்டரிடம் காட்ட வேண்டும். வழக்கம்போல இழுத்தடிப்பார் என்று நான் சாவகாசமாக இருந்தால், அத்தை எட்டரைக்கே பையோடு வாசலில். வெயில் வருவதற்குள் போய்விடலாம் என்றார். ஜூன் மாதக் கோயம்புத்தூரில் எட்டரைக்கு என்ன வெயில்? தூறிக்கொண்டிருந்தது. சீப்பு தலையில் வேலை முடித்துப் பைக்குள் போயிருந்தது, கேஸ் மூடியிருந்தது, தண்ணீர் குடித்தாயிற்று. ஆஸ்பத்திரியில் ஒரு மணி நேரம் வெட்டியாக உட்கார்ந்திருந்தோம். எனக்கு ஆச்சரியம்தான். இவ்வளவு வேகமாகக் கிளம்பத் தெரிந்தவர் திங்கட்கிழமை ஏன் அப்படி?

கண் நன்றாக இருக்கிறது. சுவரில் கடைசி வரிசை எழுத்துவரை படித்துவிட்டு, என்னைத் திரும்பிப் பார்த்து, "செல்வி, நெத்தில வெட்டுக்காயத் தழும்பு இருக்காத்தா ஒனக்கு? இத்தன வருசம் தெரியலயே" என்றார். என் முழுப்பெயர் அறிவுச்செல்வி, அப்பா வைத்தது. ஊரெல்லாம் அறிவு என்று கூப்பிடும். அத்தை மட்டும் செல்வி.

டாக்டர் அறையில் இருக்கும்போதே சந்தியாகுவிடமிருந்து சேதி: பத்தரைக்கு நின்றுவிட்டது.

மாலையில் இருவரும் போனில் மண்டையை உடைத்துக்கொண்டோம். ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு நேரம். ரயில் வந்து நிற்கிற நேரமா என்று பார்த்தோம், இல்லை. பள்ளிக்கூடம் விடுகிற நேரம் இல்லை. சர்வரே தன் தகவல்களைப் பிரதி எடுக்கிற வேலை எதுவும் அந்த நேரங்களில் இல்லை. சந்தியாகு, நிலா ஏதாவது காரணமாக இருக்குமோ என்று கேட்டான். எங்கள் குடும்பத்தைப் பற்றித் தெரிந்தும் என்னிடம் இப்படிக் கேட்கலாமா என்று திட்டினேன். என் அப்பா மன்னார்குடியில் மேடை போட்டு மூடநம்பிக்கையைக் கிழிப்பவர். எங்கள் வீட்டில் காலண்டர் உண்டு, அதன் கீழே பொடி எழுத்தில் போட்டிருப்பதை யாரும் படித்ததில்லை.

ஜூன் 16, ஞாயிறு

இன்றைக்கு நிறைய எழுத வேண்டும்.

சிங்காநல்லூர் குளக்கரைக்கு ஐந்து மணிக்குப் போகலாம் என்றார் இவர். நான் தயார். அத்தைக்கு மறுபடியும் சீப்பைக் காணோம். எனக்கு ஆத்திரம் பொங்கியது. நானே தேடித் தருகிறேன் என்று அறைக்குள் போனேன். சீப்பு அத்தையின் கையில் இருந்தது. முந்தானைக்குள் மறைத்துப் பிடித்திருந்தார். எதையும் தேடவில்லை, கட்டிலில் உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் பார்த்ததை அவர் பார்க்கவில்லை. சத்தமில்லாமல் திரும்பிவிட்டேன்.

அடுக்களையில் இவரைப் பிடித்தேன். உங்கள் அம்மா எதற்குக் காத்திருக்கிறார் என்றேன். இவர் ஒரு மாதிரி நெளிந்தார்.

"ராகு காலம். ஆறு மணிவரைக்கும் இருக்கு. அம்மா அந்த நேரத்துல வாசல் தாண்ட மாட்டாங்க. ஒனக்கு நெசமாவே தெரியாதா?"

"சொன்னாத்தானே தெரியும்!"

"சொல்லக் கூடாதுன்னுட்டாங்க. ஒங்க வீட்ல இதெல்லாம் புடிக்காது, மருமக மனசு சங்கடப்படும்னு."

அதோடு விட்டாரா? நம் கல்யாணத்தன்றைக்கும் அப்படித்தான் என்றார். அப்பா வேண்டுமென்றே வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு வைத்திருந்தார். நானும் இவரும் உறுதிமொழி படித்து, பெரியவர்கள் பேசி, எல்லாம் முடிந்த பிறகு, பன்னிரண்டு மணிக்குத்தான் அத்தை மாலையோடு உள்ளே வந்தார். வேறு சாதிப் பெண் என்று இஷ்டமில்லாமல்தான் தாமதமாக வந்தார் என்று இந்த ஆறு வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தேன். பத்து மணிக்கே வந்து எதிர் டீக்கடையில் உட்கார்ந்திருந்தாராம். மாலை வாடாமல் தண்ணீர் தெளித்துத் தெளித்து வைத்திருந்தாராம். என் கழுத்தில் போடுகிற மாலை நல்ல நேரத்தில்தான் விழ வேண்டும் என்று.

அந்த மாலையிலிருந்து தண்ணீர் என் பட்டுச் சேலையில் சொட்டியது நினைவிருக்கிறது. அதற்கும் அன்று முகம் சுளித்தேன்.

ஆறு மணிக்குச் சீப்பு கிடைத்தது. கிளம்பினோம். தெருவில் இறங்கியதும் போன் அடித்தது. "அக்கா, இப்ப நின்னுட்டு" என்றான் சந்தியாகு. நான் அப்படியே நடுத்தெருவில் நின்றேன். ஆறு மணி. ஞாயிறு. பக்கத்து மளிகைக் கடையில் போய்க் காலண்டரைக் கிழிக்காமல் புரட்டினேன். திங்கள் ஒன்பது. செவ்வாய் நாலரை. புதன் ஒன்றரை. ராகு காலம் முடிகிற நேரமெல்லாம் எங்கள் சர்வர் நிற்கிற நேரம். ஊரே சீப்பை ஒளித்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்து, முடிந்த நொடியில் ஒன்றாக டாக்சி கூப்பிடுகிறது. பகுத்தறிவுக் குடும்பத்தில் பிறந்த நான் ஒன்று, ஞாயிறு மாதா கோயிலுக்குப் போகிற சந்தியாகு ஒன்று. இரண்டு பேரும் உட்கார்ந்து ரயில் அட்டவணையைப் பார்த்திருக்கிறோம்!

குளக்கரையில் அத்தைக்குச் சோளம் வாங்கிக் கொடுத்தேன். எனக்குத் தெரிந்துவிட்டது என்று சொல்லவில்லை. சொன்னால் கூச்சப்படுவார்.

ஜூன் 17, திங்கள்

பத்து நிமிஷம்தான் அளக்கலாம் என்றார் அல்லவா சார். எந்தப் பத்து நிமிஷம் என்று இப்போது எனக்குத் தெரியும். ஒன்பதுக்கு இரண்டு நிமிடம் முன்னால் ஆரம்பித்தேன். இந்த முறை எல்லாவற்றையும் பதிவுசெய்யவில்லை. இரண்டு நொடிக்கு ஒரு தடவை, எந்த த்ரெட் எங்கே நிற்கிறது என்று ஒரு படம் எடுப்பது மட்டும்.

ஒன்பது அடித்தது. நின்றது. சர்வரின் பிராசசரைப் பார்த்தால், அது பாட்டுக்குச் சும்மா இருக்கிறது. வேலையே நடக்கவில்லை. நூறு த்ரெட்டில் ஒன்று உள்ளே, மற்றதெல்லாம், ஒரு நேரத்தில் ஒருவரை மட்டும் உள்ளே விடுகிற ஒரே ஒரு பூட்டின் முன்னால் வரிசையில். படத்துக்குப் படம் அதேதான். சாரின் புரொஃபைலர் வேலை செய்கிறவர்களை மட்டும் எண்ணியது. அதிகம் வேலை செய்த பாவத்துக்குத்தான் சந்தியாகு மாட்டிக்கொண்டான். சும்மா நிற்கிறவர்களை யாரும் எண்ணவில்லை.

சரி, உள்ளே பூட்டிக்கொண்டு இருந்த அந்த ஒருவர் என்ன செய்தார்? ஒரு காரைத் தேர்ந்தெடுத்தார், அது கண் இமைக்கிற நேரம். பிறகு கதவைத் திறக்காமலே டிரைவருக்குச் சேதி அனுப்பி, அது போய்ச் சேர்ந்ததா என்று பதிலுக்குக் காத்திருந்தார். போனைத் தூக்கிக்கொண்டு பாத்ரூமுக்குள் போகிற என் வீட்டுக்காரரேதான். குளித்து முடித்தாயிற்று, வெளியே வராமல் உள்ளேயே பேச்சு. காலையில் கதவைத் தட்டித் தட்டி எனக்குக் கை வலித்தது இதற்குத்தான் போலிருக்கிறது.

பூட்டை எழுதியது யார் என்று பார்த்தேன். சென்னியப்பன் சார். செம்பருத்திக்குப் பன்னிரண்டு கார் இருந்த காலத்தில் எழுதியது.

படங்களைக் காட்டினேன். ராகு காலத்தையும் சொன்னேன். சார் படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தார். ஒரே காரை இரண்டு மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்பி, நடுரோட்டில் கைகலப்பாகி, அதற்குப் பிறகுதான் இந்தப் பூட்டைப் போட்டாராம். பிறகு தலையில் கை வைத்தார்.

"நானே ராகு காலம் கழிச்சுத்தானுங் வீட்ட விட்டு எறங்கறது. செம்பருத்தி டாக்சிதான் கூப்புடறேன். அந்தக் கூட்டத்துல நானும் ஒருத்தனுங்."

சந்தியாகுவைப் பார்த்து ஏதோ சொல்ல வாயெடுத்தார், சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை போகட்டும் என்றார். செம்பருத்திக்காரர்களுக்குக் காரணமெல்லாம் வேண்டாம், கார் வர வேண்டும். அதுவும் சரிதான்.

ஜூன் 18, செவ்வாய்

நாள் முழுக்கத் திருத்தம். காரைப் பிடித்துக் குறித்துவிட்டு உடனே கதவைத் திறந்துவிட வேண்டும், சேதி அனுப்புவதெல்லாம் வெளியே வந்து. கேட்க எளிது.

அத்தை வெள்ளிக்கிழமை ஊருக்குப் போகிறேன் என்கிறார். ஞாயிறு அவர் அண்ணன் வீட்டில் காதுகுத்து. இன்னும் பத்து நாள் இருக்கச் சொன்னேன். போன வாரத்து அறிவா இது என்று இவர் என்னை ஒரு பார்வை பார்த்தார்.

ஜூன் 19, புதன்

ஒன்றரைக்கு நிற்கவில்லை! இரண்டு நிமிடம் தரையில் கால் இல்லை எனக்கு. மூன்றாவது நிமிடம் செம்பருத்தியிலிருந்து போன். பீளமேட்டில் ஒரே காருக்கு இரண்டு குடும்பம். ஒரு குடும்பத்துத் தாத்தா வண்டிக்குள், இன்னொரு குடும்பம் டிக்கியில் பெட்டியை வைத்துவிட்டது. சார் எதற்குப் பயந்து பூட்டுப் போட்டாரோ அது அப்படியே நடந்துவிட்டது. பழையதையே திரும்பப் போட்டோம்.

என் அவசரம். கார் குறிக்கப்பட்டதா என்று பார்ப்பதைப் பூட்டுக்கு வெளியிலும், குறிப்பதை உள்ளேயும் வைத்திருக்கிறேன். பார்ப்பதற்கும் குறிப்பதற்கும் நடுவில் இன்னொருவர் புகுந்துவிட்டார். கண்டுபிடித்தது சந்தியாகு. அவன் வேலையைக் காப்பாற்ற நான் கிளம்பினேன், என் மானத்தை அவன் காப்பாற்றுகிறான்.

வீட்டுக்கு வந்து யாரையும் பார்க்காமல் படுத்துவிட்டேன். அத்தை தட்டில் சோறு பிசைந்து கொண்டுவந்து, ஒன்றும் கேட்காமல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். சாப்பிட்டேன்.

ஜூன் 20, வியாழன்

இருவரும் சேர்ந்து திருத்தி, ஒரே காருக்கு ஆயிரம் பேர் அடித்துக்கொள்கிற மாதிரி பொய்க் கூட்டத்தை ஏவிச் சோதித்தோம். ஒருவருக்குத்தான் கார் கிடைத்தது. சர்வரில் ஏற்றியபோது மாலை ஐந்து. இன்றைய நேரம் தாண்டிவிட்டது. ஆக, நிஜக் கூட்டம் நாளைக்குத்தான்.

சாப்பிடும்போது இவரிடம் புலம்பினேன். முகூர்த்தம் முடிந்து, பந்தி முடிந்து, எல்லா மண்டபமும் பன்னிரண்டு மணிக்கு ஒரே நேரத்தில் வாசலுக்கு வரும், நின்றால் சந்தியாகு வீட்டுக்குத்தான், எனக்குப் பயமாக இருக்கிறது என்றேன். அத்தை அடுக்களையில் தட்டு கழுவிக்கொண்டிருந்தார். ராகு காலம் என்ற வார்த்தையை நான் சொல்லவில்லை.

ஜூன் 21, வெள்ளி

ஆபீஸ் போகவில்லை. ஒன்றரைக்கு அத்தைக்குச் சிங்காநல்லூரிலிருந்து பஸ். இவர் நேராக அங்கே வந்துவிடுவதாக ஏற்பாடு. லேப்டாப் சாப்பாட்டு மேசையில். சந்தியாகு ஆபீஸில். இருவருக்கும் காதில் போன்.

பதினொன்றுக்கு அத்தை அறையிலிருந்து வந்தார். நல்ல சேலை, கறுப்புக் கண்ணாடி, கையில் மஞ்சள் பை.

"டாக்சி கூப்புடுத்தா. கெளம்புறேன்."

பஸ் ஒன்றரைக்குத்தானே, இப்போதே எதற்கு என்றேன்.

"அங்கிட்டுப் போயி உக்காந்துக்கிறேன். பன்னெண்டு மணிக்கு ஊரே கூப்புடும்னு சொன்னேல்ல. அந்தப் பையன் பொழப்பு அதுல கெடக்கு. என் ஒருத்தி பாரமாச்சும் கொறையட்டும்."

கடிகாரத்தைப் பார்த்தேன். வெள்ளிக்கிழமை, பதினொன்று ஐந்து. பெற்ற மகன் கல்யாணத்துக்கே இந்த நேரத்தில் உள்ளே வராதவர். முகம் தெரியாத ஒரு பையனுக்காக, அதற்கும் மேல் எனக்காக, செருப்பை மாட்டிக்கொண்டு நிற்கிறார். முகத்தில் பயம் அப்பட்டமாகத் தெரிந்தது. எனக்கு அவரைக் கட்டிக்கொண்டு அழ வேண்டும் போலிருந்தது. நாங்கள் அப்படியெல்லாம் பழகியதில்லை.

அதனால், "இருங்கத்தை, சொட்டு மருந்து பாட்டிலக் காணோம்" என்றேன்.

பாட்டில் என் சுடிதார் பாக்கெட்டில் இருந்தது. நான் வீடு முழுக்கத் தேடினேன். ஃபிரிட்ஜுக்குள் தேடினேன், கட்டிலுக்கு அடியில் தேடினேன். பிறகு வெயிலுக்கு ஒரு டம்ளர் மோர் குடிக்காமல் போகக் கூடாது என்றேன். மோரில் போடக் கறிவேப்பிலையைக் காணோம். பிறகு கேஸை மூடினோமா என்று பார்க்கப் போனேன். ஆரம்பத்தில் அத்தை அவசரப்படுத்தினார். கொஞ்ச நேரத்தில் அவசரப்படுத்துவதை நிறுத்திவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். கறுப்புக் கண்ணாடிக்குள் கண் தெரியவில்லை. என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார் என்று நினைக்கிறேன்.

பன்னிரண்டுக்குச் சற்று முன்னால் காதில் சந்தியாகு, "அக்கா, ஜெபம் பண்ணிக்கிடட்டா?" என்றான். பண்ணு என்றேன்.

பன்னிரண்டு. திரையில் காத்திருப்போர் கோடு சரசரவென்று மேலே ஏறியது. ஆப்பைத் திறந்து போனை அத்தையின் கையில் கொடுத்தேன். நீங்களே அழுத்துங்கள் என்றேன். அவர் கையை இழுத்துக்கொண்டார். கூட்டம் குறையட்டும் என்றார்.

"அழுத்துங்கத்தை. நீங்க ஒரு ஆள் வந்து நின்னா விழுந்துடும்னா, அப்பறம் நாங்க என்னத்தச் செஞ்சோம்? இந்த நேரத்துக்குக் கெளம்பறவங்களுக்காகத்தான் இவ்வளவு பாடும்."

அழுத்தினார். வட்டம் ஒரு சுற்று முழுதாகச் சுற்றவில்லை. கார் நம்பர் வந்துவிட்டது. திரையில் ஏறிய கோடு அப்படியே மடிந்து கீழே இறங்கி, தரையோடு படுத்துக்கொண்டது. இரண்டு பேருக்கு ஒரே கார் எங்கேயும் இல்லை. காதில் சந்தியாகு "அக்கா" என்றான், அதற்கு மேல் மூக்கை உறிஞ்சுகிற சத்தம்தான். பின்னாலிருந்து சாரின் குரல் கேட்டது: "தம்பி எங்கயும் போக வேண்டாமுங். அந்தப் பூட்டு நான் போட்டதுங்." நானும் மூக்கை உறிஞ்சினேன்.

கார் வாசலுக்கு வந்தது. அத்தையை உட்கார வைத்துப் பையை மடியில் வைத்தேன். பக்கத்தில் நானும் ஏறினேன். அத்தை கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி, ஆபரேஷன் செய்த கண்ணால் என்னை நன்றாகப் பார்த்தார். பிறகு கையை நீட்டினார்.

"மருந்து பாட்டிலக் குடு ஆத்தா. ஒன் பாக்கெட்டுலதான இருக்கு."

கொடுத்தேன். வாங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டார். கார் திரும்பும்போது என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு சொன்னார்:

"ஒங்க அப்பாருகிட்ட நான் மூச்சு விட மாட்டேன்."

ஜூன் 22, சனி

பத்தரைக்கு நிற்கவில்லை. அத்தையின் சீப்பு பாத்ரூம் ஜன்னலில் கிடக்கிறது. இந்தத் தடவை உண்மையிலேயே மறந்துவிட்டுப் போயிருக்கிறார்.